கருவூலத்தின் மனச்சான்று

தீமை தருவதென்று தெரிந்த ஒரு பொருளை விற்று, வந்த பணத்தைக் கொண்டு நல்லதொரு காரியம் செய்தால், அந்த நற்காரியம் தீமையைக் கழுவிவிடுமா?

தனிமனிதன் ஒருவன் இதைச் செய்தால் நமக்கு ஐயமே எழுவதில்லை. கள்ளச் சந்தையிலே கொழுத்தவன் கோபுரத்துக்குக் கலசம் வைத்தால், 'பாவத்தில் பங்குகொள்ள ஆண்டவனையும் கூட்டாளியாக்குகிறான்' என்று நகைக்கிறோம். அதே செயலை ஓர் அரசு செய்யும்போது நம் நகைப்பு நின்றுவிடுகிறது, நாக்கு தடுமாறுகிறது. பள்ளிக்கூடம் கட்ட வேண்டாமா, பாலம் போட வேண்டாமா, பசித்த பிள்ளைக்குச் சோறிட வேண்டாமா என்று கேட்கிறார்கள். வேண்டும்தான். அப்படியானால் பணத்துக்கு வழி என்ன என்று அடுத்த கேள்வி வருகிறது. இந்தக் கேள்வியின் முன்னே அறம் வாய்பொத்தி நிற்க வேண்டியதுதானா? ஆராய்ந்து பார்ப்போம்.

ஆராய்ச்சிக்கு நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. சேலத்துச் சீமையிலிருந்தே தொடங்கலாம்.

சேலத்தில் மூடிய கடை

1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், சேலம் மாவட்டத்திலே கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களெல்லாம் அன்று சேலத்துக்குள்ளேயே அடங்கியிருந்தன. காவிரிக்கரை நெல்வயலிலிருந்து ஓசூர் மேட்டுக்காடு வரை, பனையும் தென்னையும் நின்ற அந்தப் பெருநிலம் முழுவதும் சட்டத்தின் பெயரால் மது விலக்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் வேறெந்த மாவட்டத்திலும் அன்று இப்படியொரு சட்டம் இல்லை.

அந்த ஆட்சியின் முதல்வர் இராஜகோபாலாச்சாரியார். திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-இல் அவர் ஆசிரமம் அமைத்தார். அங்கிருந்தே 'விமோசனம்' என்ற பெயரில் மதுவிலக்குக்காக ஓர் இதழும் நடத்தினார். அவருடைய ஆட்சி கொண்டுவந்த கட்டாய இந்தியை எதிர்த்துத் தமிழர் சிறைக்கோட்டம் புகுந்ததை நாம் மறப்பதற்கில்லை. ஆயினும், சொன்னவர் யார் என்று பார்த்துச் சொல்லை எடைபோடுவது வைதிகத்தின் வழக்கம். பகுத்தறிவுக்கு அது பொருந்தாது. கள்ளுக்கு எதிராகத் தம் தோப்புத் தென்னைகளையே சேலம் தாதம்பட்டியில் வெட்டி வீழ்த்திய பெரியார், பின்னாளில் சட்டத்தால் குடியை ஒழிக்க முடியும் என்ற கருத்தைக் கடுமையாக மறுத்தார். இரண்டையும் வெளிப்படையாகவே செய்தார். ஆகவே, ஆளை விட்டு வாதத்தைப் பார்ப்போம்.

கடைகள் மூடப்பட்டவுடன் எழுந்த முதற்கேள்வி, குடிப்பவனைப் பற்றியதன்று, கருவூலத்தைப் பற்றியது. நிலவரிக்கு அடுத்தபடியாக மாகாணத்துக்குப் பெருவருவாய் தந்தது மதுவரி. அந்த ஓட்டையை எதைக் கொண்டு அடைப்பது? 1939-இல் விடை வந்தது: பொது விற்பனை வரிச் சட்டம். கடையிலே வாங்கும் பொருளுக்கு வரி செலுத்துங்கள். கள்ளுக்கடைப் பணம் அரசுக்கு வேண்டாம் என்றார்கள். வணிகர்கள் எதிர்த்தார்கள்; வரி வந்தது. பின் போர்க்காலத்தில், 1943-இல், மதுவிலக்கு கைவிடப்பட்டது. 1946-இல் மீண்டும் வந்து, 1948-இல் மாகாணம் முழுவதும் பரவியது.

'மதுவை விட்டால் வருவாய் போகுமே' என்ற இந்தக் கவலை சேலத்தில் பிறந்ததன்று. அதற்கு நூறாண்டுகளுக்கு முன்னரே, இதே இந்தியாவின் கருவூலத்துக்காக, இதைவிடக் கொடிய பொருளின் பெயரால் அது பேசப்பட்டது. அன்று அந்தக் கவலைக்கு விலையாகப் போனது ஒரு மாவட்டத்தின் அமைதி மட்டுமன்று. சீனம் என்ற பேரரசின் மானமே போயிற்று. நம் கேள்விக்கு அந்த வரலாறு நல்ல உரைகல்.

கங்கைக் கரையில் ஒரு தொழிற்சாலை

கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடியும் பாலே அபின். கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்தைப் பிடித்தபின் இந்தப் பாலின்மீது தனியுரிமை கொண்டது. பீகாரத்து உழவனுக்கு முன்பணம் கொடுத்து, குறித்த விலைக்கே கொடுக்க வேண்டும் என்று கட்டி, பாட்னாவிலும் காசிப்பூரிலும் அபினை உருண்டைகளாக்கிப் பெட்டியில் அடைத்தது. பெட்டிகள் கல்கத்தாவில் ஏலத்துக்கு வந்தன.

இனித்தான் நுணுக்கம் இருக்கிறது. சீனப் பேரரசு அபினைத் தடை செய்திருந்தது. ஆகவே கம்பெனி தன் கப்பலில் ஒரு பெட்டியையும் ஏற்றவில்லை. தனிவணிகர்கள் ஏலத்தில் எடுத்தார்கள். கள்ளக்கடத்தலாகக் காண்டன் துறைமுகத்தின் வாயிலில் இறக்கினார்கள். 'சட்டத்தை மீறுவோர் அவர்கள். நாங்கள் எங்கள் எல்லைக்குள் எங்கள் பொருளை விற்றோம்' என்றது கம்பெனி. அதன் கை நனையவில்லை. கூடை நிறைய மீன் மட்டும் வீட்டுக்கு வந்தது. ஒரு காலத்தில் இந்தியாவின் வருவாயில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு இந்த அபினிலிருந்தே வந்தது.

1839 மார்ச்சில் லின் சேஷு என்ற அதிகாரி பேரரசரின் ஆணையோடு காண்டனுக்கு வந்தார். அயல்நாட்டு வணிகர்களை அவர்களுடைய குடியிருப்பிலேயே முற்றுகையிட்டு, 20,283 பெட்டி அபினைப் பறிமுதல் செய்தார். ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட அந்த நஞ்சை, ஜூன் மாதத்தில், குழிகளில் கொட்டி, உப்பும் சுண்ணாம்பும் கலந்து, கடலிலே கரைத்துவிட்டார். கரைப்பதற்குமுன் கடல் தெய்வத்திடம் மன்னிப்பு வேண்டினாராம். நீர்வாழ் உயிர்கள் விலகிப் போகட்டும் என்பது அவர் கவலை. கடல் தெய்வத்தை நாம் நம்புவதில்லை. ஆனால், மீனுக்குத் தீங்கு வருமே என்று அஞ்சியவர் ஒரு பக்கம். மனிதருக்குத் தீங்கு வருவதைக் கணக்கேட்டில் வரவு வைத்தவர்கள் மறுபக்கம். இவ்விருவரில் நாகரிகம் எவரிடத்தில் இருந்தது என்பதை அறியத் தெய்வ நம்பிக்கை தேவையில்லை.

லின், விக்டோரியா அரசிக்கு ஒரு கடிதமும் வரைந்தார். தன் மக்களுக்குத் தீங்கென்று கருதும் ஒன்றைப் பிறர் மக்களுக்கு விற்பது எந்த அறம் என்பதே அதன் சாரம். அக்கடிதம் அரசியின் கைக்குச் சேரவில்லை. சேர்ந்தது வேறொன்று: பிரிட்டிஷ் வணிகக் கண்காணிப்பாளர் சார்லஸ் எலியட், பெட்டிகளை அரசின் பெயரால் தாமே பெற்று லின்னிடம் ஒப்படைத்திருந்தார். கடத்தல்காரனின் சரக்கு ஒரே நாளில் முடியரசின் உடைமை ஆயிற்று! சரக்கை அழித்தது முடியரசை அவமதித்ததாகப் பேசப்பட்டது. போர் மூண்டது. 1840 ஏப்ரலில் பாராளுமன்றத்தில் அரசுக்கு எதிரான தீர்மானம் ஒன்பதே வாக்கில் தோற்றது: 262-க்கு 271. அந்தப் போரை அநீதி என்று இளைஞர் கிளாட்ஸ்டன் அன்று பேசினார். வாக்கு எண்ணிக்கை அவர் பேச்சைக் கேட்கவில்லை.

அந்தப் போரில் செத்தவர்களும் சாகடித்தவர்களும் யார்? வெள்ளையர் மட்டுமல்லர். சென்னைப் படையின் 37-ஆம் சுதேசிக் காலாட்படை சீனத்துக்குக் கப்பலேறியது. 1841 மே இறுதியில், காண்டனை அடுத்த சான்யுவான்லி என்ற ஊரருகே, அதன் ஒரு பிரிவு பெருமழையில் சிக்கியது. துப்பாக்கி மருந்து நனைந்து சுட முடியாமற் போக, ஈட்டி ஏந்திய சீனக் குடியானவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். சென்னை மாகாணத்து ஏழைச் சிப்பாய் ஒருபுறம். சீனத்து ஏழை உழவன் மறுபுறம். இருவருக்கும் பகை என்ன? பீகாரத்து உழவன் கீறிய காயின் பால், இலண்டன் கணக்கேட்டில் பொன்னாவதற்காக, மூன்று ஏழைகள் மூன்று நிலங்களில் நின்றார்கள். 1842-இல் நான்கிங் உடன்படிக்கை வந்தது. ஹாங்காங் போயிற்று. 2 கோடியே 10 இலட்சம் டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. அதில் 60 இலட்சம், அழித்த அபினுக்கு விலை!

மூன்று வாதங்கள்

இவ்வளவையும் செய்தவர்கள் காட்டுமிராண்டிகளல்லர். படித்தவர்கள், பண்பாளர்கள், வழிபாட்டுக்குத் தவறாதவர்கள். அவர்கள் தங்கள் மனச்சான்றை எப்படி உறங்க வைத்தார்கள்? மூன்று தாலாட்டுகள் அவர்களிடம் இருந்தன.

ஒன்று: 'நாம் விற்காவிட்டால் வேறொருவன் விற்பான்.' வங்காளத்து அபின் நின்றால் மாளவத்து அபின் வரும். அது நின்றால் துருக்கி அபின் வரும். பாவம் குறையாது, பணந்தான் போகும் என்றார்கள்.

இரண்டு: 'வருவாய்க்கு எங்கே போவது?' அபினை விட்டால் ஏழை இந்தியன்மேல் புதுவரி போட வேண்டும். சீனனுக்கு இரங்கி இந்தியனை வருத்துவதா என்றார்கள். என்ன இரக்கம் பாருங்கள்!

மூன்று: 'அளவோடு உண்டால் தீங்கில்லை.' இதை மெய்ப்பிக்க ஒரு கமிஷனே அமைந்தது. அபின் எதிர்ப்பு இயக்கத்தாரின் குரல் ஓங்கவே, 1893-இல் அரச ஆணைக்குழு நிறுவப்பட்டது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, 1895-இல் அறிக்கை தந்தது. அபின் இந்தியருக்குப் பெருந்தீங்கு செய்யவில்லை, தடை தேவையில்லை என்பதே அதன் முடிவு. ஹென்றி வில்சன் என்ற உறுப்பினர் ஒருவர் மட்டும் மறுப்புக் குறிப்பு எழுதினார்.

பகுத்தறிவாளர் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுவே. விசாரணை உண்டு, சாட்சி உண்டு, புள்ளிவிவரம் உண்டு. அறிவின் ஆடையாபரணங்கள் அத்தனையும் உண்டு. ஆனால், சாட்சிகளைத் திரட்டித் தந்த அரசே விற்பனையாளர். வழக்கில் பங்குடையவன் நடுவராக அமர்ந்தால், அவன் பொய் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. தனக்கு வேண்டிய உண்மையை மட்டும் காண்பான். கருவூலம் நஞ்சை நம்பி வாழத் தொடங்கிய நாளில், நஞ்சைப் பற்றி உண்மை பேசும் ஆற்றலை அது இழந்துவிடுகிறது. குடல் கெடுவது குடிப்பவனுக்கு. அறிவு கெடுவது விற்கும் அரசுக்கு. நாம் பெரிதும் அஞ்சுவது இரண்டாவதைத்தான்.

நம்மவரும் இதில் தூயவரல்லர். மாளவத்து அபினைப் பம்பாய் வழியே சீனத்துக்கு அனுப்பிப் பெருஞ்செல்வரானவர் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய். அவர் கொடையால் எழுந்த மருத்துவமனை பம்பாயில் இன்றும் ஏழைகளின் நோய் தீர்க்கிறது. மருத்துவமனையை இடிக்க வேண்டுமென்று எவரும் சொல்லமாட்டார். ஆயினும், காண்டனில் நோய் விற்றுப் பம்பாயில் மருந்து கொடுத்ததை நடுநிலை என்றும் சொல்லவியலாது. மருந்து பெற்றவன் வாழ்த்தினான். நோய் பெற்றவன் வாழ்த்தினானா?

தாலாட்டு நின்ற விதம்

சீனம் சோர்ந்தது. 1858-இல் அபினைச் சட்டப்படியே அனுமதித்து வரி போட்டது. தன் மண்ணிலேயே கசகசா பயிரிடவும் தொடங்கியது. வெளிநாட்டு அபினைவிட உள்நாட்டு அபினே மிகுந்தது. அதாவது, பீக்கிங் கருவூலமும் கல்கத்தாக் கருவூலத்தின் நோயைப் பிடித்துக்கொண்டது.

1906-இல் பேரரசு விழித்தது. பத்தாண்டுகளில் அபினை ஒழிப்பதென்று ஆணை பிறந்தது. அதே ஆண்டு பிரிட்டிஷ் பாராளுமன்றம், இந்திய-சீன அபின் வாணிகம் அறத்துக்கு ஒவ்வாதது என்று தீர்மானித்தது. பின் ஓர் ஒப்பந்தம் வந்தது. சீனத்துக்குச் செல்லும் 51,000 பெட்டிகளில், 1908 முதல் ஆண்டுக்கு 5,100 பெட்டி, அதாவது பத்திலொரு பங்கு, இந்தியா குறைக்கும். சீனம் தன் பயிரை அதே அளவில் குறைக்கும். முதல் மூன்றாண்டு சோதனைக் காலம்.

எளிதாக நடக்கவில்லை. 'நீ உன் பயிரை உண்மையிலேயே அழிக்கிறாயா?' என்று பிரிட்டிஷ் தூதரகம் ஐயுற்றது. 'நாங்கள் எங்கள் உழவனின் பயிரைப் பிடுங்க, உங்கள் பெட்டியை உடன்படிக்கை காட்டி இறக்குவீர்களா?' என்று சீனம் சினந்தது. ஊரூராகச் சென்று வயல்களைப் பார்க்கப் பிரிட்டிஷ் அதிகாரி அலெக்சாண்டர் ஹோசி அனுப்பப்பட்டார். பல மாகாணங்களில் பயிர் உண்மையிலேயே குறைந்திருப்பதைக் கண்டார். 1911-இல் புதிய உடன்பாடு வந்தது: எந்த மாகாணம் தன் பயிரை ஒழித்ததாக மெய்ப்பிக்கிறதோ, அந்த மாகாணத்துக்குள் இந்திய அபின் நுழையாது. 1913-இல் இந்திய அரசு சீனத்துக்கான விற்பனையையே நிறுத்தியது. எஞ்சிய சரக்கைச் சீன அரசு விலைகொடுத்து வாங்கி, 1919 சனவரியில் ஷாங்காயில் எரித்தது.

இந்தியக் கருவூலம் அதனால் கவிழ்ந்ததா? கவிழவில்லை. எழுபதாண்டுக் காலம் 'முடியாது' என்று சொல்லப்பட்டது, ஒப்புக்கொண்ட ஏழாண்டுக்குள் நடந்து முடிந்தது. 'வேறொருவன் விற்பான்' என்பது தொடர்ந்து விற்பதற்கு நியாயமாகாது. அந்த வேறொருவனையும் கூட்டி உடன்பாடு காண வேண்டும் என்பதையே அது உணர்த்துகிறது. பிறகு சீனத்தில் படைத்தலைவர்கள் காலத்தில் அபின் திரும்பி வந்தது உண்மை. வருவாய் தேடிய கருவூலங்களே அப்போதும் அதை வளர்த்தன.

நம் வீட்டுக் கணக்கு

இப்போது கண்ணாடியை நம் பக்கம் திருப்புவோம், கண்ணை மூடிக்கொள்ளலாகாது.

1971-இல் தமிழ்நாட்டில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. செய்தது நாம் வாக்களித்து அமைத்த தி.மு.க. ஆட்சிதான். சுற்றியுள்ள மாநிலங்களில் மது ஓடுகையில் நாம் மட்டும் எப்படித் தாங்குவது என்றும், ஏற்கெனவே மதுவிலக்கில் இருந்த மாநிலத்துக்கு நடுவணரசு ஈடு தர மறுத்தது என்றும் காரணம் கூறப்பட்டது. 92 வயது இராஜகோபாலாச்சாரியார் முதல்வரைத் தேடிவந்து வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். 1974-இல் கடைகள் மீண்டும் மூடப்பட்டன, 1981-இல் அ.தி.மு.க. ஆட்சி திறந்தது. 1983-இல் மொத்த விற்பனைக்கு டாஸ்மாக் பிறந்தது. 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 2023-24-இல் மதுவால் வந்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. கம்பெனி தன் கை நனையாமலாவது பார்த்துக்கொண்டது. நம் அரசோ கடையிலேயே அமர்ந்துவிட்டது. எந்தக் கட்சி திறந்தது, எந்தக் கட்சி மூடியது என்று வழக்காடுவோர் வழக்காடட்டும். கருவூலம் எல்லா ஆட்சியிலும் ஒரே வாதத்தையே பேசிற்று.

மீண்டும் அந்த மூன்று தாலாட்டுகள்தாம். அண்டை மாநிலம் விற்கிறதே! நலத்திட்டத்துக்குப் பணம்? கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகுமே! மூன்றாவதில் உண்மை உண்டு. மதுவிலக்குக் காலத்தில் கள்ளச்சாராயமும் காவலர் கையூட்டும் வளர்ந்ததை மறைக்கலாகாது. ஆனால், கடைகள் திறந்தே இருந்த 2024 ஜூனில், சேலத்தை அடுத்த கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததே, அதற்கு என்ன விடை?

நாம் சட்டத்தடியைக் கொண்டு குடிப்பவன் முதுகில் அடிக்கச் சொல்லவில்லை. லின் அழித்த அபினைப் போற்றுகிறோம். அபின் பிடித்தவனுக்கு மரண தண்டனை என்ற அன்றைய சீனச் சட்டத்தைப் போற்றவில்லை. கள் என்ற சொல்லைக் கேட்டதும் முகஞ்சுளிக்கும் ஆசாரமும் நமக்கில்லை. தகடூர் அதியமான் ஔவையோடு கள்ளைப் பகிர்ந்துண்ட செய்தி புறநானூற்றிலேயே உண்டு. கடை மூடியபோது, பனையேறிப் பிழைத்தவன் வீட்டு அடுப்பும் அணைந்ததே, அவனுக்கு என்ன வழி என்பதையும் நாம் கேட்கிறோம். வயது வந்தவன் தன் காசில் குடிப்பது அவன் உரிமையா என்பது ஒரு கேள்வி. அவன் குடியை எதிர்பார்த்து அரசு தன் வரவு செலவுத் திட்டத்தை எழுதலாமா என்பது வேறொரு கேள்வி. முதலாவதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கட்டும். இரண்டாவதில் இருக்க வழியில்லை.

இன்று நாம் படிக்கும் திருக்குறள் முறைவைப்பில் கள்ளுண்ணாமை 93-ஆம் அதிகாரம். அது அறத்துப்பாலில் இல்லை. அரசும் பொருளும் பேசும் பொருட்பாலில், சூதுக்கு முன்னே இருக்கிறது. குடி, தனிமனித ஒழுக்கத்தோடு முடிவதன்று. ஆட்சியைத் தொட்ட செய்தி என்பதை அந்த இடமே உணர்த்துகிறது.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. குடியின் தீங்கை அளந்து சொல்லும் பொறுப்பு, குடியை விற்கும் துறைக்கும் வரி பெறும் துறைக்கும் தொடர்பில்லாத ஓர் அமைப்பிடம் இருக்க வேண்டும். அதன் கணக்கு ஆண்டுதோறும் மக்கள் மன்றத்தில் வைக்கப்பட வேண்டும். மதுவருவாயை நம்பும் பங்கை ஆண்டுக்கு இவ்வளவு குறைப்போம் என்று, அபின் ஒப்பந்தம் போல், எண்ணிட்டு அறிவிக்க வேண்டும். அண்டை மாநிலங்களைச் சாக்காகக் காட்டாமல், அவற்றோடு அமர்ந்து உடன்பாடு காண வேண்டும்.

பணத்துக்கு வழி என்ன என்று மறுபடியும் கேட்பார்கள். அதற்கு விடையைச் சேலம் முன்பே சொல்லிவிட்டது. கள்ளுக்கடைப் பணத்துக்கு மாற்றாக 1939-இல் வந்த விற்பனை வரி, பின்னாளில் மாநிலத்தின் வருவாய்களிலெல்லாம் பெரிதாக வளர்ந்தது. பெயர் மாறி, வடிவம் மாறி இன்றும் நிற்கிறது. சேலத்து நெசவாளியும், நாமக்கல் லாரி ஓட்டுநரும், இராசிபுரத்துக் கூலிக்காரியும் உப்பு புளி வாங்குகிற நாள் முதல் அந்த ஈட்டுத்தொகையைச் செலுத்தி வருகிறார்கள். மதுவை விட்டதற்கென்று வாங்கிய விலையும் அரசிடம் இருக்கிறது. விட்டதாகச் சொன்ன மதுவும் அரசிடமே இருக்கிறது.

தோழர்களே, ஒரு பொருளை விற்றவன் பணத்தையும் வாங்கிக்கொண்டு பொருளையும் தன்னிடமே வைத்துக்கொண்டால், அதற்கு நம் ஊர்ச் சந்தையில் என்ன பெயர் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பெயர் நம் அரசுக்கு வாராமல் காப்பது நம் கடமை.